பச்சைப் பலாவில் ஒரு கிண்ணம்

ஒரு தொழிலை ஒழுங்காகக் கற்றவனுக்குப் பக்கத்துத் தொழிலைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்தான். கொத்தனாரைக் கேட்டால் பெயின்ட் அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்பார். மற்ற டாக்டர்கள் பல் டாக்டரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், தெரியும். நான் பதினொரு வருடம் லேத் மெஷினில் இரும்பு கடைந்தவன். தலைமுடியின் கனத்தில் கால் பங்கு கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள், அப்படிப்பட்ட இடம். ஆகவே மரம் கடைகிறவர்களை நான் எப்படி நினைத்திருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். (வெண்ணெய் வெட்டுகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். போதுமா?)

அந்தத் தொழிற்சாலையைத் தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் பூட்டினார்கள். காலை ஷிஃப்டுக்குப் போனபோது கேட்டில் கன்னடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. பக்கத்தில் நின்ற வெங்கடேசைப் படிக்கச் சொன்னேன். அவன் பாதி படித்துவிட்டு, "விடுப்பா, வா, டீ குடிக்கலாம்" என்றான். மீதிப் பாதியை இன்றுவரை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. நானும் என் மனைவி ஹெலனும் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அவள் பள்ளிக்கூட டீச்சர். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "காஸ் வந்தாலும் வரும். இருப்பீங்கல்ல?" என்பாள். இருப்பேன் என்பேன். அதுதான் என் உத்தியோகம். காஸ் வராத நாட்களிலும் இருப்பேன். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. ஹெலன் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேசாமல் இருக்க அவர்கள் படும் பாடு பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.

செப்டம்பரில் ஹெலனின் தங்கை நான்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜோயல் என்று பெயர். நான்சியின் கணவர், அதாவது என் சகலை, சாஃப்ட்வேர்காரர். வருடக் கடைசியில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடாமல் காப்பாற்றும் வேலை அவருக்கு. என் வேலை காஸ் சிலிண்டரைக் காப்பாற்றுவது. ஜோயலுக்கு ஹெலனும் நானும்தான் ஞானப்பெற்றோர் என்று நான்சி சொன்னபோது ஹெலன் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு டிசம்பர் முதல் ஞாயிறு குறித்தாயிற்று. அதைப் பற்றிப் பேச அக்டோபரில் எல்லோரும் பிரேசர் டவுனில் இருந்த மாமியார் வீட்டில் கூடினோம். அப்போது சர்ச்சில் தரை பெயர்த்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஆராதனை பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில். ஞானஸ்நானத் தொட்டியைச் சாக்குப் போட்டு மூடி எங்கோ வைத்துவிட்டார்கள். தண்ணீருக்கு ஒரு பாத்திரம் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிட்டார் போதகர்.

"எவர்சில்வர் பேசின் ஒண்ணு எடுத்துட்டுப் போனா ஆச்சு," என்றார் மாமியார்.

"வேணாம் மம்மி, சாம்பார் வாசன வரும்," என்றாள் நான்சி.

"வெள்ளியில ஒண்ணு வாங்கிடலாமே," என்றார் சகலை.

அப்போது யாரோ, "நான் செஞ்சு தர்றேன். மரத்துல" என்றார்கள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், உங்களுக்கு மர வேலையெல்லாம் தெரியுமா?" என்றாள் நான்சி.

"இரும்பையே கடைஞ்சிருக்கேன். மரம் என்ன, சும்மா," என்றேன்.

அந்த இடத்திலேயே சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வாயைத் திறந்து பின்வாங்க எனக்கு மனசு வரவில்லை.

மரம் கிடைப்பதில் கஷ்டம் இருக்கவில்லை. அந்த வாரம் பெய்த மழையில் எங்கள் தெருமுனை வீட்டுப் பலாமரம் காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்து ஒரு ஸ்கூட்டர் மேல் சாய்ந்தது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பார்த்தபடி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பேக்காதஷ்டு தகொண்டு ஹோகி," என்றார். எவ்வளவு வேண்டுமோ கொண்டுபோ, என் கண்ணில் படாமல் போனால் சரி என்கிற தொனி.

எங்கள் கட்டில் காலைக் கடைந்து கொடுத்தவர் ஷபீர். பிரேசர் டவுனில் ஒரு சந்தில் அவருக்குக் கடைசல் பட்டறை. என்னைவிட எட்டு வயது சின்னவர். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், சப்பாத்திக் கட்டை என்று நிமிர நேரமில்லாமல் வேலை ஓடிக்கொண்டிருக்கும். நான் சுமந்துகொண்டு போன பலாத்துண்டை அவர் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"பச்ச மரம் சார். ஒரு வருசம் காயணும்."

"எனக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு."

"ஃபிர்... அப்ப எவர்சில்வர்தான் சார்."

நான் விடவில்லை. மெல்லிசாகக் கடைந்துவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன். இரும்பு காய வேண்டியதில்லை என்பதால் அந்த விஞ்ஞானத்தை நான் எங்கும் சோதித்துப் பார்த்தது கிடையாது. ஷபீர் வாக்குவாதம் செய்யவில்லை. "மத்தியானம் ஒரு மணி நேரம் மெஷின் காலி. நான் நமாஸ் முடிச்சு சாப்ட்டு வருவேன். உங்க மரம், உங்க கை," என்றார்.

முதல் நாள் மரத்துண்டைச் சுழலும் இரும்புத் தட்டில் வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கிக் கொடுத்தார். இரும்பு லேத்தில் வெட்டும் உளியைப் பிடித்துக்கொள்ள 'டூல் போஸ்ட்' என்று ஒன்று இருக்கும். அதில் உளியை இறுக்கிவிட்டு நாம் கைப்பிடியைச் சுற்றினால் போதும். நான் மெஷினை மேலும் கீழும் தேடினேன்.

"டூல் போஸ்ட் எங்க ஷபீர்?"

"நீங்கதான் சார் டூல் போஸ்ட்," என்று சொல்லிவிட்டு முழநீள உளி ஒன்றைக் கையில் கொடுத்தார். "மெதுவா. ஜோர் நக்கோ."

ஜோர் நக்கோ என்றால் பலம் காட்டாதே என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பதினொரு வருடப் பழக்கத்தில் உளியை அழுத்தி உள்ளே செலுத்தினேன். உளி மரத்தைக் கடித்தது. அடுத்த நொடி தட்டில் நான்கு ஸ்குரூ மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மரத்துண்டு, அடுக்கி வைத்திருந்த கட்டில் கால்களைச் சரித்துவிட்டு, வாசலைத் தாண்டி, சந்தைக் கடந்து எதிர் டீக்கடைக்குள் போய் நின்றது. டீக்கடைக்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து, "சார், உங்களுது" என்றார். இரண்டாவது நாளும் ஏந்திக் கொண்டுவந்தார். மூன்றாவது நாள் உள்ளேயிருந்தே காலால் தள்ளி அனுப்பிவிட்டார்.

ஆனாலும் போனேன். வேறெங்கே போக? இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம் என் தோள் எப்படியோ தானாகவே தளர்ந்தது. உளி சீறாமல் முனகத் தொடங்கியது. ஈரச் சீவல் நீள நாடாவாக மஞ்சள் மஞ்சளாய் என் கைமேல் வந்து விழுந்தது. அந்த ஒரு மணி நேரம் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் என் நினைவில் இல்லை. (பனியன் முழுக்க மஞ்சள் கறை. தோய்த்தால் போகவில்லையே என்று ஹெலன் இரண்டு தடவை சொன்னாள். மரத்தூள்தானே என்றேன். யோசித்திருக்க வேண்டிய இடம் அது.)

ஒன்பது மத்தியானங்களில் கிண்ணம் வந்துவிட்டது. ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழம். ஷபீர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டீக் ஹை, சரியா இருக்கு" என்றார். வீட்டில் ஹெலன் கிண்ணத்துக்குள் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

என்னிடம் வெர்னியர் ஒன்று இருந்தது. நுணுக்கமாக அளக்கும் கருவி. அதனால் அளந்தேன், எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. இரும்புக்காரன் கை என்று சொல்லிக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை அளந்தால் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றாம் நாள் நான்கு மில்லிமீட்டர். காய்ச்சல்காரனுக்கு உஷ்ணம் பார்ப்பது போலக் காலையும் மாலையும் அளந்து காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வந்தேன். அந்த வாரக் கடைசியில் கிண்ணம் மாங்காய் வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. நான் காஸ்காரனுக்காகக் காத்திருந்த ஒரு முற்பகலில் 'டக்' என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல்.

ஓடினேன் ஷபீரிடம். அவர் நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலில் அடைத்து, உப்புத் தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். "ஸ்பிரிட் பாலிஷ் போடுங்க. மெல்லிசா மூணு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவுல ஒரு நாள் காயணும்."

மெல்லிசாக மூன்று கை போட்டால் என்ன, கனமாக ஒரே கையாகப் போட்டால் என்ன? அதே பாலிஷ்தானே? ஒரே மத்தியானத்தில் ஊற்றித் தடவினேன். தூசி படாமல் இருக்க உள்ளே தமிழ் தினசரியின் தாள் ஒன்றைச் சுருட்டி வைத்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். ஹெலனும் கேட்டாள்.) மூன்று நாள் கழித்துத் தாளை உரித்தபோது பாலிஷ் பாகு மாதிரி இழுத்தது. கிண்ணத்தின் அடியில் யாரோ ஒரு பெரியவரின் மீசையும், கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்ட எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'யும் பதிந்திருந்தன.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞானஸ்நானம்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்தப் பெரியவரைச் சுரண்டினேன். உப்புத் தாள் எட்டு தீர்ந்தது. உட்புறம் வெறும் மரமாக, பளிச்சென்று, அழகாகவே வந்தது. மறுபடி பாலிஷ் போட நேரமில்லை. "வெறும் மரமே நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஹெலன். எனக்கு ஒரே கவலை விரிசல்தான். தண்ணீர் ஊற்றினால் அடைப்பு பெயர்ந்து ஒழுகிவிட்டால்? அரை டம்ளர் ஊற்றி ஒரு நிமிடம் பார்த்தேன். ஒழுகவில்லை. துடைத்து வைத்தேன்.

ஞாயிறு காலை நல்ல குளிர். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. அதனால் போதகரின் மனைவி தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றி, அதன்மேல் லேஸ் வைத்த வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். போர்வெல் தண்ணீர். ஞானஸ்நானம் பிரசங்கத்துக்குப் பிறகுதான். வனாந்தரத்தைப் பற்றிய பிரசங்கம் அது, முக்கால் மணி நேரம் போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. மேஜைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்து, கிண்ணத்தின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. மேஜை விரிப்பு உலர்ந்தே இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல்தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

போதகர் துணியை எடுத்தார். ஒரு நொடி தயங்கினார். அவர் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு, கையைக் கிண்ணத்தில் விட்டு, "பிதாவின்..." என்று தலையில் ஊற்றினார்.

பச்சைப் பலாவை வெந்நீரில் ஊறப்போட்டால் சாயம் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. துணிக்குச் சாயம் போட அதைக் கொதிக்க வைப்பார்கள் என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள். தண்ணீர் கல்யாண வீட்டு மஞ்சள் நிறத்தில் குழந்தையின் நெற்றி வழியாக இறங்கி, வெள்ளை சாட்டின் சட்டையின் கழுத்தில் தேங்கியது. பாதியில் நிறுத்த முடியாத வார்த்தைகள் அவை. "குமாரனின்..." இன்னொரு கை மஞ்சள். "பரிசுத்த ஆவியின்..." மூன்றாவது கை. போதகரின் வெள்ளை அங்கியின் கைப்பக்கம் முழங்கை வரை மஞ்சள். குழந்தை அழவில்லை. தலையை மட்டும் ஒரு உலுக்கு உலுக்கிச் சிலிர்த்தது.

எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் வெட்டப் போகும் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு தலையைச் சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்த சகலையின் பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது.

"உத்தரவு குடுத்துட்டாண்டா பையன்!"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். என் மாமியார் மஞ்சள் கயிறுகூடக் கூடாது என்று இரண்டு மகள்களுக்கும் தங்கச் செயினிலேயே தாலியைக் கோத்தவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான்சி கைக்குட்டையால் குழந்தையின் நெற்றியைத் துடைக்கத் துடைக்க அது சமமாகப் பரவியது. போதகர் நல்ல மனிதர். என் பக்கம் குனிந்து கேட்டார்.

"பிரதர், இது என்ன மரம்?"

"பலா, ஐயா."

"மரத்துல செஞ்சீங்களா, பழத்துல செஞ்சீங்களா?"

சாப்பாட்டுக்குப் பிரியாணி. நான் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலின் ஓரத்தில், கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிட்டேன். மஞ்சள் காமாலைக்கு ஒரு தரம் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது என்று யாரோ நான்சிக்கு யோசனை சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது.

"வேல வெட்டி இல்லாம வீட்ல உக்காந்திருக்கவங்க கையில நம்பி ஒண்ணக் குடுத்தா இப்படித்தான் ஆவும்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். ஹெலன் அவள் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"மம்மி," என்றாள். "ஒழுகிச்சா?"

"என்னது?"

"கிண்ணம். ஒரு சொட்டு ஒழுகிச்சா? சொல்லுங்க."

ஸ்பூன் தட்டில் படும் சத்தம்தான் கேட்டது.

பஸ்ஸில் கிண்ணம் அவள் மடியில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவள் அதில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். மஞ்சளானதும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். திங்கள், செவ்வாய், அப்படியே நடந்தது. புதன்கிழமை தண்ணீர் தெளிவாக இருந்தது. துடைத்து அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். குழந்தையின் நெற்றி அதற்கு முன்பே, திங்கட்கிழமையே, தெளிந்துவிட்டது. போட்டோ ஸ்டூடியோக்காரர்தான் பாவம். ஆல்பத்தைக் கொடுக்கும்போது, "பாதியிலேர்ந்து கலர் கொஞ்சம் போயிடுச்சு மேடம், மறுபடி பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்று சகலை வீட்டில் மன்னிப்புக் கேட்டாராம்.

தொழிற்சாலை திறக்கவே இல்லை. அடுத்த வருடம் மார்ச்சில் எனக்கு ஒரு நர்சிங் ஹோமில் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். மரத்தை மறுபடி தொடவில்லை. எங்களுக்குக் குழந்தையும் பிறக்கவில்லை. ஜோயல் லீவு நாட்களில் எங்கள் வீட்டில் வளர்ந்தான். நான் எதையாவது ரிப்பேர் செய்ய உட்கார்ந்தால், "பெரியப்பா, கலர் வராதில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவான். மாமியார் வீட்டில் இன்றைக்கும் யாராவது 'நானே செஞ்சிடறேன்' என்று வாயெடுத்தால், "வேணாம், பலாமரம் ஆயிடும்" என்று அடக்கிவிடுவார்கள்.

போன வருடம் ஜோயலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூசி ஹல்தி என்று ஒன்று வைக்கிறார்களே, அதைப் பெண் வீட்டில் ஆசையாகக் கேட்டார்கள். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஜோயல் முந்திக்கொண்டான்.

"எனக்கு வேணாம் ஆன்ட்டி. மூணு மாசக் குழந்தையா இருந்தப்பவே ஆயிடுச்சு. பெரியப்பா பண்ணிட்டாரு. சர்ச்லயே."

அவர்களுக்குப் புரியவில்லை. மாமியார் சொல்லத் தொடங்கினார். அவர் கதையில் இப்போது கிண்ணம் ஒரு அண்டா அளவுக்கு வளர்ந்துவிட்டது, போதகர் தலைமுதல் கால்வரை மஞ்சள், ஆனேக்கல் பெரியப்பா ஆட்டையே கூட்டிவந்துவிட்டார். நான் ஒன்றையும் திருத்துவதில்லை. சிரித்து முடித்த பிறகு மருமகளாக வரப்போகிற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், நெஜமாவே மஞ்சளா ஆயிட்டானா?"

"லேசாம்மா," என்றேன்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹெலன் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"லேசாவா?" என்றாள்.